அம்மையும் இரண்டாவது சனிக்கிழமையும்

செமஸ்டர் பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. லீவு விட்டதும் ஏதாவது ஜாலியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தை இறக்கி வைக்காமல் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் நடந்தது. யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதில் யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் விவாகரத்து ஆகி நாலு வருடம். அவர்கள் பையனுக்கு, அதாவது என் தம்பிக்கு, இப்போது எட்டு வயது. சித்தியும் தம்பியும் குன்னூரில் எங்களோடு இருக்கிறார்கள். சித்தப்பா கோயம்புத்தூரில். அவருக்கு மறுகல்யாணம் ஆகிவிட்டது. கோர்ட் உத்தரவுப்படி மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை தம்பி அப்பாவிடம் போகவேண்டும். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்வதைத் தவிர்ப்பதால் நடுவில் கூரியர் சர்வீஸ் நான்தான் :-) குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பர்லியாறு, கல்லாறு, மேட்டுப்பாளையம். அங்கே சித்தப்பா காத்துக்கொண்டு நிற்பார். தம்பி கையில் எப்போதும் அப்பாவுக்கு ஒரு பாக்கெட் வர்க்கி இருக்கும்.

போன வருடம் கார்த்திகை மழையில் மண் சரிந்து மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை போனது. அதற்கு முந்தைய முறை பள்ளிக்கூட விழா. இரண்டு முறை தவறியதும் அந்தப் பக்கத்து வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது, குழந்தையைக் காட்ட மறுக்கிறார் என்று. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து தம்பியின் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி தம்பிக்கு லேசாக உடம்பு சுட்டது. வயிற்றில் இரண்டு சின்னக் கொப்புளம். "கொசுக்கடியா இருக்கும்டா" என்றாள் சித்தி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் அனுப்பலைன்னா கோர்ட்ல என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாது" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் தம்பியின் கழுத்துக்குக் கீழே மூன்றாவது கொப்புளத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அவன் ஸ்வெட்டர் ஜிப்பை மேலே இழுத்துவிட்டேன். மேட்டுப்பாளையம் புழுக்கத்தில் ஸ்வெட்டரோடு இறங்கிய பையனைப் பார்த்து, "ஏன்டா, இன்னும் மலை மேலயா இருக்கே?" என்று சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்த ஜிப்தான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் முதுகெல்லாம் அம்மை. அன்றைக்குத்தான் எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. சித்தப்பாவின் மனைவி நாலு மாதக் கர்ப்பம். எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் சில மாதம் வெளியே சொல்லக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு குழந்தை வருகிறது என்று தெரிந்தால் சித்தி ஜீவனாம்சத்தைக் கூட்டிக் கேட்பாளோ என்ற பயம் இன்னொரு காரணம். ஆக, நாங்கள் அம்மையை மறைத்தோம். அவர்கள் கர்ப்பத்தை மறைத்தார்கள்.

அவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் அம்மாவுக்கும் நினைவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நல்லவேளையாக, உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, பயமில்லை என்று வந்தது. தனக்கு வந்ததே தெரியாமல் சின்ன வயதில் லேசாக வந்துபோன கேஸ்கள் நிறைய உண்டாம்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிரசவம் ஆகும்வரை தம்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரசவம் ஆனபிறகு பச்சைக் குழந்தை இருக்கிறது, மூன்று மாதம் போகட்டும் என்றார்கள். அம்மை பத்து நாளில் இறங்கியது, தடை எட்டு மாதம் நீடித்தது. நடுவில் ஒருநாள் தம்பி என்னிடம், "நான் போனா பாப்பா செத்துடுமாண்ணா?" என்று கேட்டான்.

சரி, இனி என் வாதத்துக்கு வருகிறேன். அந்தம்மா பயந்தது தப்பே இல்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறோம், எத்தனை நாளைக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பயத்தைக் குழந்தையின் தலையில் கட்டியது தப்பு. அதேமாதிரி, நோட்டீஸுக்குப் பயந்து நாங்கள் மறைத்ததும் தப்பு. பிரிந்துபோன குடும்பங்களில் நோய் வந்தால் தேதியைத்தான் தள்ளிவைக்க வேண்டும், பிள்ளையை அல்ல.

முதலில், எந்த அம்மை? நாம் எல்லாவற்றையும் "அம்மா வந்திருக்கா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பெரியம்மை உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் 1975-லேயே நின்றுவிட்டது, 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. இப்போது வருவது சின்னம்மை, தட்டம்மை, ரூபெல்லா போன்றவை. மூன்றும் வேறு வேறு வைரஸ்கள். கர்ப்பிணிக்கு மூன்றும் செய்யும் கெடுதலும் வேறு வேறு.

தம்பிக்கு வந்தது சின்னம்மை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதும் தொற்றுவது நின்றுவிடும். மொத்தம் ஒரு வாரம், பத்து நாள் கணக்கு. ஒருமுறை வந்தவர்களுக்குப் பொதுவாகத் திரும்ப வராது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு முதல் 20 வாரத்துக்குள் வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் குறைபாடு வரலாம். தாய்க்கு நிமோனியா ஆபத்தும் உண்டு. பிரசவத்துக்கு ஒட்டிய நாட்களில் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. நோய் உள்ளவரோடு பழகிய பத்து நாளுக்குள் டாக்டரிடம் போனால், தேவைப்பட்டால் எதிர்ப்புச் சக்தி ஊசி போடமுடியும். அதாவது, நேரத்தோடு சொன்னால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. மறைத்தால் அந்தப் பத்து நாளை நாமே திருடிக்கொள்கிறோம்.

ரூபெல்லா கதை நேர் எதிர். குழந்தைக்கு லேசான காய்ச்சல், மங்கலான தடிப்பு, மூன்று நாளில் சரியாகிவிடும். பலருக்குத் தடிப்பே தெரியாது. பார்க்கச் சாதுவான இந்த நோய்தான் கருவுக்குப் பெரிய எமன். முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் பெரும்பாலான கருக்களைப் பாதிக்கும். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. இதை முதலில் கண்டுபிடித்தவர் சிட்னியைச் சேர்ந்த நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர். 1941-இல் அவர் பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. 1964-65-இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தார்கள். அதன்பிறகுதான், 1969-இல், அங்கே தடுப்பூசி வந்தது.

தடிப்புத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ரூபெல்லா தொற்றும். அப்படியானால் "உடம்பு சரியில்லாத பிள்ளை வரவேண்டாம்" என்று வாசலை அடைப்பதால் என்ன பிரயோஜனம்? நன்றாக ஓடியாடும் பிள்ளையும் கொண்டுவரலாம். இதற்கு ஒரே வழி தடுப்பூசி. பிள்ளைக்கும் வேண்டும், தாயாகப்போகிற பெண்ணுக்கு அதற்கு முன்பே வேண்டும். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் போட்டார்கள். நாம் அப்போது ஏழாம் வகுப்பு. அந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, உயிருக்கே ஆபத்து என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. ஊசி போடும் அன்றைக்கு எங்கள் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. பல ஊர்களிலும் இதே நிலைமை இருந்ததால் முகாமை மார்ச்சுக்கும் நீட்டித்தார்கள். அன்றைக்கு "குழந்தை பிறக்காது" என்று பயந்து வீட்டில் நிறுத்திவைத்த பெண் பிள்ளைகள்தான் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பாற்றுவதற்கான ஊசியைத்தான் அவர்கள் தவறவிட்டார்கள். போட்டோமா இல்லையா என்று வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சின்னம்மைக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அது அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். குன்னூர்க்காரனுக்கு இதில் கூடுதல் வெட்கம். 1907 முதல் எங்கள் ஊரில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நாய்க்கடி ஊசியில் தொடங்கி எத்தனையோ தடுப்பு மருந்து செய்த இடம். அதன் காம்பவுண்டைத் தாண்டித்தான் தினமும் பஸ் பிடிக்கிறேன். ஆனால் தம்பியின் தடுப்பூசி அட்டையை நான் முதல்முறை எடுத்துப் பார்த்ததே இந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான்.

இரண்டாவது விஷயம், சொல்வது. எங்கள் பாட்டி இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே வந்தவர். குடும்பத்தில் பாதி அங்கேயே தங்கிவிட்டது, ஆகவே பிரிவு என்பது பாட்டிக்குப் புதிதில்லை. அவர் சொல்வார், லயத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் முதல் வேலை வாசலில் வேப்பிலை சொருகுவது. அதைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் பக்கமே வரமாட்டாள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், விருந்தாளியைக் கூப்பிட மாட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்து ஒருநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்றோடு வேப்பிலையை எடுத்துவிடுவார்கள், பிள்ளை தெருவுக்கு விளையாடப் போய்விடும்.

மாரியம்மன் நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வேப்பிலையில் இரண்டு நல்ல விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒளிவுமறைவு இல்லை. ஊருக்கே தெரியும்படி வாசலில் இருக்கிறது. இன்னொன்று, அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. பாட்டியின் முன்னோர் இலங்கைக்குப் போன காலத்தில் மண்டபம் முகாமில் தங்கவைத்து, காலரா, அம்மை இல்லை என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். அது கூலி ஆட்களை நடத்திய விதம் மோசம்தான். ஆனால் அதிலும் இத்தனை நாள் என்று கணக்கு இருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததில் வேப்பிலையும் இல்லை, கணக்கும் இல்லை.

காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு சட்ட உதாரணம் சொல்லாமல் விடமாட்டேன் :-) 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரைக் கதை வருகிறது. நோய்வாய்ப்பட்ட குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டியது அவன் கடமை. அந்நியனிடம் மௌனம் சரி, உறவில் மௌனம் சரியில்லை. நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கிய கேள்வி இது. பஸ்ஸில் ஜிப்பை இழுத்தபோது நினைவுக்கு வரவில்லை.

சரி, நியாயமாகவும் யோசிப்போம். சித்தி ஏன் மறைத்தாள்? உண்மையைச் சொன்னால் "பொய்க் காரணம் சொல்லிக் குழந்தையைத் தடுக்கிறாள்" என்று கோர்ட்டில் எழுதுவார்கள் என்ற பயம். ஒரு சனிக்கிழமை தவறினால் அது சாட்சியாகிறது என்றால், காய்ச்சல் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றத்தான் தோன்றும். ஆகவே யோக்கியமாக இருங்கள் என்று உபதேசம் செய்தால் மட்டும் போதாது. உண்மை சொல்பவருக்கு நஷ்டம் வராது என்ற ஏற்பாடு வேண்டும்.

அது கஷ்டமே இல்லை. குழந்தையைப் பார்க்கும் நாட்களைப் பற்றி ஒப்பந்தம் எழுதும்போதே நாலு வரி சேர்த்துவிடலாம். குழந்தைக்கோ, வீட்டில் வேறு யாருக்கோ காய்ச்சல், தடிப்பு என்றால் முதல்நாள் இரவே சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாம். தவறிய நாளை அடுத்து வரும் வாரங்களில் ஈடு செய்ய வேண்டும், அதைத் தவறாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. எந்த வீட்டில் கர்ப்பம் என்றாலும் அந்தத் தகவல் மறுபக்கத்துக்குப் போக வேண்டும், அதை வேறு வழக்குக்குப் பயன்படுத்தக்கூடாது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், நேரில் போகமுடியாத பெற்றோர் இருவரும் பேசி முடிவு செய்து போன், வீடியோ வழியாகக் குழந்தையோடு பேசலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. பெரிய நோய்க்குச் சரிப்பட்டது சின்னம்மைக்குச் சரிப்படாதா?

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்தது. அவருக்குத் திரும்ப வந்து, அவர் வழியாக மனைவிக்குப் போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. பொருக்கு உதிர்ந்த அடுத்த சனிக்கிழமை அவர் குன்னூருக்குப் பஸ் ஏறியிருக்கலாம். சிம்ஸ் பார்க்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தம்பியோடு வர்க்கி தின்றுவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளை இறங்க முடியாவிட்டால் அப்பா மலை ஏறலாமே? உத்தரவில் மேட்டுப்பாளையம் என்று இருந்ததால் எல்லோருக்கும் ரோடு கீழ்நோக்கி மட்டும்தான் போவதாகத் தோன்றிவிட்டது. வரச் சொல்லி நாங்கள் கூப்பிடவும் இல்லை.

கர்ப்பிணியின் உயிர் பெரிதா, பையனின் மனசு பெரிதா என்று சிலர் கேட்பீர்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒரு சதவீதம் ஆபத்து என்றாலும் விலகி இருப்பதுதான் சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். விலகி இருக்க வேண்டிய நாட்களில் விலகி இருக்கட்டும். ரத்தப் பரிசோதனையில் பயமில்லை என்று வந்த பிறகு, அம்மை இறங்கி மாதங்கள் ஆன பிறகு, தம்பி யாருக்கு என்ன செய்துவிடப் போகிறான்? அந்த மாதங்களில் அந்த வீட்டுக்குப் போய்வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் யாரையும் யாரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பிரிந்துபோன வீட்டுப் பிள்ளை என்பதால் அவனை நிறுத்துவது சுலபமாக இருந்தது. உண்மைக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எல்லாம் ஒருவழியாகச் சரியாகியிருக்கிறது. நான் சித்தப்பாவிடம் ஜிப் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. தம்பி மறுபடியும் இரண்டாவது சனிக்கிழமை போகிறான். பாப்பாவுக்கு அவனைப் பார்த்தால் ஒரே சிரிப்பாம். வந்து கதை கதையாகச் சொல்கிறான்.

ஆனால் ஒவ்வொரு முறையும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவதற்கு முன் ஓரமாக நின்று சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். "ஒரு தடவை பாத்துடுண்ணா." நானும் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் பஸ் படியில் கால் வைக்கிறான்.

நான் எழுதியதில் ஏதாவது தப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.